உறவெல்லாம் நலம்

என்னங்க,

சாப்பாடு மேசைமேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். குழாய் ரிப்பேர்காரர் வந்தால் குளியலறையை மட்டும் காட்டுங்கள்; ஊர்க்கதை வேண்டாம்.

நேற்று ஆஸ்பத்திரியில் என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள். எரிந்து விழுந்தேன். நடந்தது இதுதான். சினைப்பைப் புற்றுநோய் திரும்ப வரவில்லை என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மா, “உறவெல்லாம் எப்படிம்மா இருக்கு?” என்றார். குடும்ப மானத்தின் காவல்காரி அல்லவா நான், நிமிர்ந்து உட்கார்ந்து, “ஒரு குறையும் இல்ல. போன வாரம்கூட நாத்தனார் குடும்பத்தோட வந்துட்டுப் போனாங்க” என்றேன்.

“ஐயோ, நான் கேட்டது உங்க வீட்டுக்காரரோடம்மா!”

ஒரு பள்ளிக்கூடத்தையே அதட்டி ஆண்ட தலைமையாசிரியை, குடையைக்கூட எடுக்காமல் ஓடிவந்தேன். நர்ஸ் அதைக் கொண்டுவந்து கொடுத்து, “எல்லாத்துக்கும் மருந்து இருக்கும்மா, வெக்கப்படாம கேளுங்க” என்றாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு நான் அடுத்த அறைக்குப் போனதற்கு உங்கள் குறட்டைமேல் பழி போட்டேன். குறட்டை பாவம். நெருங்கினால் எனக்கு வலிக்கிறது, எரிகிறது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. உங்களைப் பிடிக்காமல் போகவில்லை.

இன்று அந்த மருந்தைக் கேட்கத்தான் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன்.

படித்ததும் கிழித்துவிடுங்கள். மருமகள் கண்ணில் பட்டால் என் கெத்து காற்றில் போகும்.

இன்னொன்று: நாலு மணிக்கு அங்கே வாருங்கள். வெளியே பெஞ்சில் உட்காராமல் உள்ளே வாருங்கள். நான் திணறினால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். டாக்டரம்மா பார்த்தால் பார்க்கட்டும்.