இரண்டு சாவிப் பூட்டு

அஜோ கண்ணு,

காலையில் ரூமில் உன் அலமாரித் தட்டைத் துடைக்கும்போது அந்தப் பூட்டு கையில் பட்டது. ஒரு லீவு நாளில் நீயும் நானும் பர் துபாய் கடைத்தெருவுக்குப் போய் வாங்கியது. இரண்டு சாவியும் ஒரே கம்பியில் கோத்தபடியே இருந்தன. நீ போய் நாற்பது நாள் ஆகிறது. தட்டில் இன்னும் உன் கருவாட்டு மிளகாய் விழுதின் வாசம்.

இங்கே துபாயில் ஒரே பள்ளிக்கூடத்தில் வகுப்பறை கூட்டிப் பெருக்கினோம். நான் ஐந்தாவதோடு நின்றவள், நீ ஒன்பதோடு நின்றவள். உங்கள் ஊரில் உன் மகள் ஒன்பதாவது முடித்துவிட்டாள், இனி அவள் படித்த பள்ளிக்குப் போக வேண்டாம் என்று நீ சொன்னதும் பதறிப்போனேன். பத்தாவதைத் தொடாமலே பிள்ளையின் படிப்பு நின்றுவிட்டதே என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எங்கள் பக்கம் பத்தாவதுதானே எல்லாம்.

நீ விழுந்து விழுந்து சிரித்தாய், என்னிடம் கற்ற தமிழில் அரபியையும் கலந்து சொன்னாய். "அக்கா, எங்க கானா நாட்டுல பத்தாவது மாஃபி, கெடையாது. ஆறு, மூணு, மூணு. கலாஸ், முடிஞ்சுது."

சோப்பு வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து மூன்று படி வரைந்து காட்டினாய். கீழே ஆறு வருடம். அதன்மேல் மூன்று, முடிவில் நாடு முழுக்க ஒரே பரீட்சை. மார்க்கைப் பார்த்து எந்த மேல்பள்ளி என்று கம்ப்யூட்டர் சொல்லுமாம். அங்கே இன்னும் மூன்று வருடம், நிறைய பேருக்கு ஹாஸ்டல். உன் காலத்தில் அந்தக் கடைசிப் படிக்குப் பணம் கட்ட வேண்டும், உன் அப்பாவால் முடியவில்லை. இப்போது அரசாங்கமே பார்த்துக்கொள்கிறது.

"நான் நின்ன எடத்துல அவ நிக்க மாட்டா அக்கா," என்றாய். அப்போது நீ சிரிக்கவில்லை.

ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளை தின்பதற்கானதை மரப்பெட்டியில் வைத்துப் பூட்டி எடுத்துப்போவது உங்கள் ஊர் வழக்கம். ரிசல்ட் வருவதற்கு முன்பே பூட்டா என்று உன்னைக் கேலி செய்தேன். ஒரு சாவி அவளிடம், இன்னொன்று என் கழுத்தில் என்றாய். அடுத்த வாரமே டியூட்டியில் மயங்கி விழுந்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பவே இல்லை.

நேற்று உன் மகள் போனில் பேசிப் பதிந்து அனுப்பியிருந்தாள். இடம் கிடைத்துவிட்டது, கண்ணு. தூரத்து ஊர், ஹாஸ்டல். அம்மா வாங்கிய பூட்டு பத்திரமாக இருக்கிறதா ஆன்ட்டி என்று மட்டும் கேட்டாள். இங்கே சொல்லி அழ எனக்கு யார் இருக்கிறார்கள்?

வெள்ளிக்கிழமை உங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி லீவில் போகிறாள். பூட்டையும் ஒரு சாவியையும் துணியில் சுற்றி வைத்துவிட்டேன். நீ வரைந்த அட்டை என் கட்டில் ஓரம் ஒட்டியிருக்கிறது, அதைக் கொடுக்க மனசு வரவில்லை.

அந்த இன்னொரு சாவியை நான் கழுத்தில் போட்டுக்கொள்ளட்டுமா, அஜோ?