காப்புக் கட்டிய பத்து நாள்

1 மே 2024, புதன்

டிராயிங் முடிந்தது. மலாவி நாட்டில் ஒரு கிராமப் பள்ளிக்கூடம். அங்கே இதுவரை மின்சாரம் கிடையாது. எங்கள் கல்லூரியிலிருந்து ஐந்து பேர் போய், கூரையில் எட்டு சோலார் பேனல் மாட்டப் போகிறோம். எத்தனை பேட்டரி, எவ்வளவு வயர், பேனல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எவ்வளவு சாய வேண்டும் எல்லாம் என் கணக்கு. கூட வரப்போகிற கயல்விழி வாங்கிப் பார்த்துவிட்டு, "வானதி போட்டதுன்னா கண்ண மூடிக்கிட்டு மாட்டலாம்டி" என்றாள். கர்வமாகத்தான் இருந்தது. இருக்கட்டுமே, ஆறு மாத உழைப்பு.

செவ்வாய்க்கிழமை விமானம். பாஸ்போர்ட் வீட்டில் பீரோவுக்குள் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறாள் அம்மா. "ஒரு வேள சாப்ட்டுட்டு எடுத்துக்கிட்டுப் போ."

5 மே, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தேன். எழுந்து பார்த்தால் தெரு முழுக்க வேப்பிலைத் தோரணம். மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டி முடித்துவிட்டார்கள். ஊருக்காக இந்த வருஷம் காப்புக் கட்டிக்கொண்டவர் யார்? என் அப்பா. கையில் மஞ்சள் கயிற்றோடு வந்து வாசலில் நிற்கிறார்.

காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருந்தவர்கள், பத்தாம் நாள் அதை அவிழ்க்கும்வரை வெளியூரில் இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போய் வரலாம். அப்படியென்றால் நான் மலாவிக்குப் போய்விட்டு மாடு கறக்கும் நேரத்துக்குத் திரும்பிவிட வேண்டியதுதான்.

மூன்று மணி பஸ்ஸில் ஏறியிருந்தால் தப்பித்திருப்பேன். எழுப்பச் சொல்லித்தானே படுத்தேன். அம்மா ஏன் எழுப்பவில்லை?

6 மே, திங்கள்

அப்பாவிடம் நேராகக் கேட்டேன். கத்துவார், பதிலுக்குக் கத்தலாம் என்றிருந்தேன். அவர் கத்தவில்லை.

"போறதுன்னா போம்மா. நான் தடுக்கல. ஆனா நாளைக்கு ஊர்ல ஒரு கன்னுக்குட்டி செத்தாலும் பஞ்சநதம் மவ எல்லை தாண்டுனதாலன்னுதான் சொல்லுவாங்க. கேட்டுக்கிட்டு இருக்கணும், அவ்ளோதான்."

தடுத்திருந்தால் போயிருப்பேன். கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் மனுஷனை எப்படித் தாண்டுவது?

7 மே, செவ்வாய்

பையைத் தூக்கிக்கொண்டு திருக்காட்டுப்பள்ளி பஸ் ஸ்டாண்டுவரை போனேன். தஞ்சாவூர் பஸ் நின்றது. ஏறவும் செய்தேன். பக்கத்து சீட்டில் எங்கள் தெரு விஜயலட்சுமி சித்தி. "சாயங்காலம் வந்துடுவல்ல கண்ணு? காப்புக் கட்டியிருக்குல்ல" என்றார்கள். ரொம்பப் பாசமாகத்தான் கேட்டார்கள். பஸ் கிளம்பும் முன்பே இறங்கிவிட்டேன்.

கல்லூரியிலிருந்து மற்ற நாலு பேரும் விமானம் ஏறிவிட்டார்கள்.

8 மே, புதன்

பாஸ்போர்ட்டைத் திரும்ப பீரோவுக்குள்ளேயே வைத்தேன்.

11 மே, சனி

கயல் படங்கள் அனுப்பியிருக்கிறாள். எட்டு பேனலும் மாட்டியாகிவிட்டது. கூரைக்குக் கீழே பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். முதலில் பொறாமைதான் வந்தது. ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தவள், மத்தியானம் எடுத்த ஒரு படத்தில் நின்றுவிட்டேன். கொடிக்கம்பத்தின் நிழல் பேனல் பார்க்கும் பக்கத்திலேயே நீளமாக விழுந்திருக்கிறது. அப்படியென்றால் சூரியன்? பேனலின் முதுகுக்குப் பின்னால்.

ஐயோ. தெற்கு. தெற்கு என்று போட்டுத் தொலைத்திருக்கிறேன்.

நம் பக்கத்தில் பேனல் என்றால் தெற்குப் பார்த்துத்தான் வைப்பார்கள். அப்பாவின் பம்புசெட் பேனலும் அப்படித்தான். மலாவி பூமத்திய ரேகைக்குக் கீழே இருக்கிறது. அங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போகும். சின்னப் பிள்ளைக்குத் தெரிந்த பாடம். வயரை அங்குலக் கணக்கில் சரிபார்த்தவள், அந்த அம்புக்குறியைக் கை போன போக்கில் போட்டிருக்கிறேன். கல்லூரியில் சாரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பேட்டரி பாதிகூட ஏறவில்லையாம். பள்ளி விடுதியில் பிள்ளைகள் படிக்கிற நேரத்தில் விளக்கு அணைந்துவிடுகிறதாம். "பேட்டரி கோளாறா இருக்கும், புதன்கிழமை கிளம்புறதுக்குள்ள பாக்குறோம்" என்று எழுதியிருக்கிறாள். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? சொன்னால், இவள் வராததே நல்லது என்பார்கள். சொல்லட்டும்னு வுட்டுட முடியுதா என்னால? என்கிட்ட இருந்தது அந்தப் பேரு ஒண்ணுதான்.

12 மே, ஞாயிறு

சொல்லிவிட்டேன். காலையிலேயே கயலைக் கூப்பிட்டு, "பேட்டரி நல்லாத்தான் இருக்கு. டிராயிங் தப்பு. நான்தான்" என்றேன்.

அப்போதுதான் அவள் சொன்னாள். முதல் நாளே அந்தப் பள்ளி டீச்சர், சிக்கொண்டி என்று பெயர், கூரையடியில் நின்று கேட்டாராம்: "எங்க சூரியன் அந்தப் பக்கமாச்சே, நீங்க ஏன் இந்தப் பக்கம் மாட்டுறீங்க?" இவர்கள் என் டிராயிங்கை விரித்துக் காட்டியிருக்கிறார்கள். "வானதி தப்பு பண்ண மாட்டான்னு நாங்கதான் அவங்க வாய அடைச்சோம்டி."

எனக்குக் காது சுட்டது. பிறந்ததிலிருந்து அந்த வானத்தின் கீழ் இருக்கிற மனுஷி. ஆறு மாதத்தில் அவரிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே.

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். என் அரைகுறை இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டேன். "உங்க ஊர்ல எந்தப் பக்கம்மா சூரியன்?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப உங்க ஊருக்குச் சரியாத்தான் போட்டிருக்கீங்க" என்று சிரித்தார். திட்டியிருந்தால் தேவலை.

13 மே, திங்கள்

எட்டையும் கழற்றி வடக்கே திருப்பிவிட்டார்கள். பெரிய பிள்ளைகளும் சேர்ந்து தூக்கிக் கொடுத்தார்களாம். பேட்டரி முழுக்க ஏறியிருக்கிறது.

அம்மா நேற்று நான் பேசியதைக் கேட்டிருக்கிறாள். "யார்கிட்டடி அப்படிக் கெஞ்சுன?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அன்னைக்கு நான் வேணும்னுதான் எழுப்பல. அவ்ளோ தூரம், தெரியாத ஊரு. பயமா இருந்துச்சு. பழிய ஆத்தா மேல போட்டுட்டேன்."

தெரிந்ததுதான். முதல் நாளிலிருந்தே தெரியும். ஆனாலும் அவள் வாயால் கேட்டபோது கோபம் குறையவில்லை, ஏறியது. எழுந்து கொல்லைக்குப் போய்விட்டேன்.

14 மே, செவ்வாய்

காப்பு அவிழ்த்தாயிற்று. முதல் பஸ்ஸில் ஹாஸ்டல் வந்துவிட்டேன். அம்மா பஸ் ஸ்டாண்டுவரை வந்தாள். நான் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

4 மே 2025, ஞாயிறு

எட்டாம் தேதி மொசாம்பிக் கிளம்புகிறோம். அங்கிருக்கும் டீச்சரோடு மூன்று மாதமாக வாரம் ஒருமுறை பேசிப் பேசித்தான் இந்த முறை டிராயிங் போட்டேன். துணிமணி இன்னும் மடித்து வைக்கவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஒரு நடை வீட்டுக்குப் போய்விட்டு வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மாவே கூப்பிட்டாள். யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல மெதுவாகப் பேசினாள்.

"சாயங்காலம் காப்புக் கட்டுறாங்க. ஊர்ப் பக்கம் வந்துடாத."

சரிம்மா என்றேன். போனை வைத்துவிட்டுத் துணிகளை மடிக்க உட்கார்ந்தேன்.