இல்லாத பெட்டியிடம் அனுமதி

12.8.96, திங்கள். மழை. துணி காயவில்லை.

இன்று பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் இருந்தவர்கள்: நான், மகள் செல்வி, மருமகன் மோகன், செல்வியின் மேனேஜர் சுந்தரம். அழையாமல் வந்தார்.

கிள்ளான் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் செல்வி இங்கிருந்து டெலிபோன் வழியாகப் போக வேண்டும். பாஸ்வேர்ட் போட்டால் அசையாமல் நிற்கிறது. அதற்குள் நான் ஒரு வெங்காயம் உரித்துவிடுவேன். கப்பல் சரக்குக் கணக்கு தினமும் தாமதம். வேலை நிரந்தரமாகிற மாதம் வேறு.

சுந்தரம் போனைக் காதில் வைத்துப் பார்த்தார். "லைன் சரியில்ல லா. இல்லன்னா இவங்களுக்கு வேகம் பத்தல."

செல்வி: "உள்ள போயிட்டா நல்லா ஓடுது சார். வாசல்லதான் நிக்குது."

மோகன்: "விடுங்க பாஸ். வேலைய விட்டுட்டு வீட்டுல இருக்கட்டும். எனக்கும் சூடா சோறு கிடைக்கும்."

என் வடையைத் தின்றுகொண்டே இருவரும் சிரிப்பு. செல்வி தட்டைக் கழுவப் போனாள். தட்டு சுத்தமாகத்தான் இருந்தது.

14.8, புதன். வெயில். கடலை மாவில் வண்டு. கொட்டினேன்.

செல்வி லீவு போட்டு, பஸ் ஏறிக் கிள்ளானுக்கே போய் வந்தாள். கம்ப்யூட்டர் பார்க்கிற லிம் செட்டிங்கைத் திறந்து காட்டினானாம். வருகிறவர் நம் ஆள்தானா என்று ஆபீஸ் கம்ப்யூட்டர் முதலில் வேறொரு பழைய கம்ப்யூட்டர் பெட்டியைக் கேட்கிறது. அந்தப் பெட்டியைக் கழற்றி ஸ்டோரில் போட்டு ரொம்ப நாள். பதில் வராது. காத்திருந்து அலுத்த பிறகுதான் தன் பட்டியலைப் பார்த்து உள்ளே விடுகிறது.

ஏன் மாற்றவில்லை? பழைய முதலாளி வைத்த வரிசை. லிம் முன்பே கேட்டதற்கு, "பெரியவர் வெச்சது, கை வெக்காத" என்றாராம் சுந்தரம். பெரியவருக்குத் திதியே கொடுத்தாயிற்று.

"திட்டு விழுந்தா எனக்கு விழட்டும், மாத்து" என்று லிம்மிடம் நின்றிருக்கிறாள் என் மகள். அவனும் மாற்றிவிட்டான்.

சாயந்திரம் பாஸ்வேர்ட் போட்டாள். நான் வெங்காயத்தைக் கையில் எடுத்தேன். கத்தி படவில்லை, திறந்துவிட்டது.

இனி திட்டு வருமோ, வேலை போகுமோ.

16.8, வெள்ளி. மறுபடி மழை.

சுந்தரம் போன். நான்தான் எடுத்தேன். "லிம் எல்லாம் சொன்னான். தப்பு எங்க பக்கம்தாம்மா. தப்பா பேசிட்டேன். செல்விக்கு வேலை கன்ஃபர்ம்." சரி, போகட்டும். வெளி ஆள்.

செல்வியிடம் சொன்னேன். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. பக்கத்தில் நின்ற மோகன்:

"அப்ப சமையல் கடைசி வரைக்கும் நீங்கதானா அத்தை?"

அதே சிரிப்பு. நிச்சயதார்த்தத்தன்று, "பொண்ணு படிச்சு என்னத்துக்கு?" என்று பச்சைச் சட்டையில் உட்கார்ந்து சிரித்தானே அவன் அப்பன், அவனைக்கூட மன்னித்தாயிற்று.

இவனை மன்னிக்க மாட்டேன். மோகனை.