பீடி தொடாதவர் என்று எழுதிக் கொடுத்தோம்

திருவொற்றியூர் குப்பம்,
16.9.2007

அன்பு மகள் ரேகாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தம்பி மதியும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு உடம்பில் ஒரு குறையும் இல்லாமல்தான் இருக்கிறோம், நீயும் அந்த மான்செஸ்டர் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வடிவுடையம்மனைக் கும்பிடுகிறேன். உன் நைனாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் புதன்கிழமை முடிந்தது. அவர் ஓட்டிய மீன்பிடி லாஞ்சிலேயே மதி டிரைவராக ஏறிவிட்டான். கடல் இந்த மாதம் இன்னும் இரண்டு வீட்டைக் கொண்டுபோய்விட்டது, கல் கொட்ட வருகிற லாரிப் புழுதியில் வாசலில் துணி காயப்போட முடியவில்லை. பட்டம்மாள் அத்தை, நைனாவை எடுக்கும்போதுகூட வராத பெண் என்று நாலு பேர் எதிரில் உன்னைச் சொன்னாள். நான் மறுத்துப் பேசவில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம், நீ அழுவாய், நான் பாதியில் மனசு இளகி நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து முழுக்கப் படி. காரியத்தன்று இலை போட்டு அவருக்குப் பிடித்ததையெல்லாம் படைத்தோம், சுறாப்புட்டு, இறால் தொக்கு, வடை, ஒரு குவார்ட்டர், ஒரு கட்டு பீடி, தீப்பெட்டி. அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து மலிகா வந்தாள், அந்த மருந்து ஆராய்ச்சியில் சேர்ந்த நோயாளிகளின் வீட்டுக்கு வந்து போகிற வண்ணாரப்பேட்டைப் பெண், மிச்ச மாத்திரையைத் திரும்ப வாங்கிப்போக வந்தவள். படத்துக்கு முன்னால் வந்து நின்றவளுக்கு இலையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. இன்னாம்மா இது, ஐயா பீடியே தொட்டதில்லன்னு பாரத்துல எழுதிக்கீதே என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டு, இன்னா பொண்ணே சொல்ற, முப்பது வருசமா வாயில பீடி இல்லாம என் தம்பி ஸ்டீரிங்கே புட்ச்சதில்ல என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள்.

பிறகு மலிகா என்னைத் தனியாக உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். நுரையீரலில் வருகிற கட்டி எல்லாம் ஒரே ஜாதி இல்லையாம். கட்டிக்குள்ளே ஒரு குறிப்பிட்ட கோளாறு இருந்தால்தான் அந்த மாத்திரை அதைப் பிடித்து அடக்குமாம், அந்தக் கோளாறு பீடி சிகரெட் தொடாதவர்களிடம்தான் அதிகமாம். அதனால்தான் அவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு நரம்பில் ஏற்றுகிற மருந்து என்று சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் பிரித்துக் கொடுக்கிறார்களாம். உன் நைனா பேருக்கு மாத்திரை விழுந்தபோது தெரு முழுக்க லட்டு கொடுத்தவள் நான். இதுல சேக்காம எப்பவும்போல நரம்புல மருந்து ஏத்தியிருந்தா இன்னும் சில மாசம் தாங்கியிருக்கலாம்மா, நிச்சயமா சொல்ல முடியாது, ஆனா பீடி குடிச்சிகினு இருந்தவருக்கு இந்த மாத்திரை கேக்குறது ரொம்பக் கம்மி என்றாள்.

எட்டாவது படித்த எனக்கு இது தெரியாது. உனக்குத் தெரியும். அந்த நோயைத்தானே அங்கே கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறாய். பீடி உண்டான்னு கேட்டா இல்லவே இல்லன்னு சொல்லிடும்மா, புது மாத்திரை, முடி கொட்டாது, நைனா ஆஸ்பத்திரியில படுக்க வேணாம் என்று போனில் சொன்னது நீ. நான் பொய் சொல்ல மாட்டேன் என்று அவர் முரண்டு பிடித்தார். புளி போட்டு அவர் விரல் கறையைத் தேய்த்து, தோல் வழண்டு போகிற வரைக்கும் தேய்த்து, கூட்டிக்கொண்டு போனது நான். நைனா கஷ்டப்படக் கூடாது என்ற பாசத்தில் சொன்னாய், அது எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் பாசத்தால் அவர் ஒரு நாள்கூட அதிகம் இருக்கவில்லை.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது, அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். போவதற்கு நாலு நாள் முன்பு, ஏ செல்லம்மா, ஒன்னே ஒன்னு குட்துடு, இன்னொரு தபா கேக்க மாட்டேன் என்று கையை நீட்டினார். மறுநாள் ஸ்கேன், வாடை வந்தால் மாட்டிக்கொள்வோம், பேரை அடித்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து நான் கொடுக்கவில்லை. பொண்ணு காட்டுன வழியைக் கெடுக்கப் பாக்குறியா என்று கத்தினேன். கையை மடக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். சொன்னபடி அப்புறம் கேட்கவே இல்லை. செத்த பிறகு கட்டுக் கட்டாக வைக்கிறேன் ரேகா.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். பீடி தொடாத ஒருவருக்கு மாத்திரை பலிக்கவில்லை என்று அவர்கள் புத்தகத்தில் உன் நைனாவை எழுதிவைத்திருக்கிறார்கள், அந்தத் தப்புக் கணக்கை நம்பி நாளைக்கு இன்னொரு வீட்டு ஆளுக்கு மருந்து எழுதுவார்கள். மலிகா டாக்டரிடம் சொல்லத்தான் போகிறாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாள், நான் உன் பேரைச் சொல்லவில்லை. அதை நீயே இங்கிலீஷில் டாக்டருக்கு எழுது, பொய் சொன்னவள் என்று என் பேரை முதலில் போட்டு அடுத்து உன் பேரைப் போடு. உன் வேலைக்கே ஆபத்து வரலாம் என்று மதி பயப்படுகிறான். வந்தால் வரட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. அம்மன் உனக்கு நீண்ட ஆயுசையும் நல்ல புத்தியையும் கொடுக்கட்டும். மறக்காதே, எழுதி அனுப்பிவிட்டு அப்புறம் போன் செய். அதுவரை நீ கூப்பிட்டால் எடுக்க வேண்டாம் என்று மதியிடம் சொல்லிவிட்டேன், நானும் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னோடு சேர்ந்து அந்தப் பொய்யைச் சொன்ன அம்மா,
செல்லம்மா