பாதி டீசல்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் அத்தானுக்கு முதுகு வலி, எனக்கு வயிற்றெரிச்சல். புகை விடும் எரிபொருளுக்கெல்லாம் கார்பன் வரி என்று வந்ததிலிருந்து, சலவைக் கடைக் கொதிகலனுக்கு டீசல் ஊற்றும்போதெல்லாம் உன்னையும் அந்த வரியைப் போடச் சொன்ன உன் அரசாங்கக் குழுவையும் நினைத்துக்கொள்கிறேன். சலவைக் கூலியைக் கொஞ்சம் ஏற்றினோம். மருத்துவமனைக்காரர்கள் படுக்கை விரிப்புகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இஸ்திரி போடும் இரண்டு பெண்களையும் நிறுத்திவிட்டேன். இப்போது எங்களுக்குப் பாதி டீசலே போதும். வரி ஜெயித்துவிட்டதென்று சொல்லி மாலை போட்டுக்கொள், போ!

வசூலாகும் பணத்தை வீட்டுக்கு வீடு சமமாகத் திருப்பித் தருவோம் என்று என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாயே, அது எப்போது? வந்தால் கடையை மூடாமல் ஓட்டிவிடுவோம்.

உன் அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாமல் படி. திருப்பித் தரும் யோசனையைக் கைவிட்டுவிட்டோம். கையில் கொடுத்தால் ஜனங்கள் செலவழித்துவிடுவார்கள். மொத்தமும் மின்சாரக் கார் வாங்குகிறவர்களுக்கு மானியமாகப் போகப்போகிறது. நானும் ஒன்றுக்குப் பதிந்திருக்கிறேன். வந்ததும் முதல் சுற்று உன்னோடுதான்.

உன் கடிதம் பெரிய உதவி. ‘ஒரு சிறு சலவையகம், எந்த உதவியும் இல்லாமலே டீசலைப் பாதியாகக் குறைத்திருக்கிறது’ என்று அறிக்கையில் சேர்த்தேன். தலைவர் அதை உரக்கப் படித்தார். மருத்துவமனை விஷயம் அங்கே பொருந்தவில்லை, விட்டுவிட்டேன்.

அன்புத் தம்பி

ஏப்ரல் 2

தம்பி,

‘அன்புள்ள’ போட மனம் வரவில்லை. என் கிண்டல் உனக்குப் புரியாதா? என் பேச்சைக் கேட்டே வளர்ந்தவன் நீ. புரிந்துதான் வெட்டியிருக்கிறாய். பிழைப்பு போன கதையை வெற்றிச் செய்தியாக்கி விற்றிருக்கிறாய்.

கையில் கொடுத்தால் செலவழித்துவிடுவோமா? ஆமாம், செலவழிப்போம். டீசலுக்கு, அந்தப் பெண்களின் சம்பளத்துக்கு. பஸ்ஸுக்குக் கால் கடுக்க நிற்கிறவள் கட்டிய வரியில் உனக்குக் கார் கேட்கிறதா? வெட்கமாக இல்லை?

அடுத்த வாரம் உங்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்துவிட்டேன். அந்த இரண்டு பெண்களும் வருகிறார்கள். உங்கள் தலைவர் பாதியைப் படித்துவிட்டார், நீ வெட்டிய பாதியை நான் சொல்கிறேன். நீ மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாய். அங்கே என்னை அக்கா என்று கூப்பிட்டுத் தொலைக்காதே.

இப்படிக்கு,
ஒரு சிறு சலவையகம்