மீனுக்குக் கொண்டுபோன பொரி

2007 ஒக்டோபர் 14, ஞாயிறு

என் மனைவி வசந்தியின் தம்பி, திருகோணமலையில் காணாமல் போனவன், இனி இல்லை. காலையில் மாமா ஊரிலிருந்து எனக்குத்தான் தொலைபேசியில் சொன்னார். வீட்டில் வைத்து அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அமைதியான இடத்தில் சொல்லலாம் என்று யப்பானியத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே குளத்தில் மீன் இருக்கும் என்று பொரி கொண்டு வந்திருந்தாள். கோயில் கேணியில் போலச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, "தம்பி திரும்பி வரவேணுமெண்டு நேத்தி" என்றாள். காவலாளி ஓடி வந்து, "நோ, மதாம்" என்று மீனுக்குத் தீனி போட விடாமல் தடுத்தான்.

"பரவாயில்லையப்பா. தம்பி வந்தாப் பிறகு அவனையும் கூட்டிக்கொண்டு வந்து, இவையளைக் கேட்டுட்டுப் போடுவம்" என்றாள் என்னிடம்.

"ஓம்" என்றேன்.

பொரிப் பையை முடிந்து சாமிப் படத்தடியில் வைத்திருக்கிறாள். நாளை நான் வேலையில் நிற்கும்போது ஊரிலிருந்து தொலைபேசி அடித்தால் அவள்தான் எடுப்பாள்.