கூடைக்காரி நாளும் அரண்மனை வாசற்பொம்மையும்

மழை பிழையாது பெய்க. மலை நிலைத்து நிற்க. இவ்வோலையைச் சுமந்து வருபவனுக்கு வழியில் வெந்நீர் கிடைக்க.

முகிலவரை நாட்டின் கணவாய்கள் அனைத்துக்கும் உரியோன், வெண்புரவிப் படையோன், குறையிலான் என்று நாற்பது பாடல்களில் புகழப்பெற்ற கோச்சேந்தன், தலைநகர் மாடவாயிலிலிருந்து விடுக்கும் ஓலை.

பெறுவோன் எம் இளையோன், பனிவாசல் சீமை காக்கும் மருதவேள். உன் சீமை வாழ்க. உன் குதிரைகள் வாழ்க. உன் குறட்டையும் நலமென்று அறிவோம். அது எம் அடுக்களைவரை கேட்கிறது.

சென்ற திங்கள் எம் மகள் ஆம்பலுக்கு நீ அனுப்பிய பொம்மை வந்து சேர்ந்தது. தலை கொட்டாங்கச்சி. வயிறு ஆட்டுத்தோல் பை. வயிற்றை அமுக்கினால் மூக்கிலுள்ள நாணற்குழல் வழியே காற்று வெளியேறி உன்னைப் போலவே குறட்டை விடுகிறது. விட்டதும், உன்னுடையதுபோல் கிழிந்த இடக்காது ஆடுகிறது. பனிவாசல் சந்தையில் கிழவர்கூட இதை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார்கள் என்று அதைக் கொண்டுவந்த தூதர் சொன்னார். சொல்லும்போது அவர் மடியிலும் ஒன்று இருந்தது.

பொம்மையோடு பாட்டும் வந்தது.

மருதவேளு தூங்குறான், மலை ரெண்டு நடுங்குது,
எழுப்பப் போன சேவலு ஏழூரு தாண்டுது.

நெல் குத்தும் பெண்கள் இதைப் பாடுகிறார்கள். யானைப்பாகர் பாடுகிறார்கள். எம்மைப் பற்றிய நாற்பது பாடல்களைப் புலவர் மட்டும் பாடுகிறார், அதுவும் அவை கூடிய நாளில். நேற்று எல்லைத் தகராறு ஒன்றை விசாரிக்கையில் உன் பாட்டின் இரண்டாம் அடியை யாமே முணுமுணுத்தோம். அமைச்சர் கேட்டும் கேளாதவர்போல் இருந்தார்.

இது சிறிது. பெரிது இனி வருவது.

கூடைக்காரி நாள் நெருங்குகிறது. நீ அறிந்ததையே எழுதுகிறோம், ஆவணக் கொட்டிலில் இவ்வோலையைப் பின்னாளில் பிறரும் படிப்பர் ஆதலால். ஆண்டின் மிகக் குறுகிய பகல் சாயும் வேளையில் கூடைக்காரி மலையிறங்கி வருவாள். வீட்டுக்கு ஒருவரைக் கூடையில் போட்டுக்கொண்டு போவாள். அவளுக்குக் கண் தெரியாது. விரலால் தடவி, குறையைக் கொண்டே ஆளை அறிவாள். கோணல் மூக்கு, குட்டைக் கால், அம்மைத் தழும்பு. ஆகவே எவரை இழக்க ஒப்பமாட்டார்களோ அவரைப் போல் ஒரு பொம்மை செய்து, அவர் குறையைப் பெரிதாக்கிக் காட்டி, சில நாள் முன்பே வாசலில் தொங்கவிடுவர். அவள் ஆளென்று எண்ணிப் பொம்மையை எடுத்துச் செல்வாள். பொம்மை செய்பவர் தம் கையாலேயே செய்ய வேண்டும். எனக்கொன்று செய் என்று கேட்டுப் பெற்றது காவாது. தன் குறையைத் தானே சொல்லிச் செய்வித்ததும் காவாது.

பனிவாசலில் வீட்டுக்கு இரண்டு பொம்மைகள் தொங்குவதாக அறிந்தோம். ஒன்று வீட்டாருக்கு. மற்றது உனக்கு. தெருவெல்லாம் கிழிந்த காதுகள் காற்றில் ஆடுகின்றன என்று தூதர் மகிழ்ந்து சொன்னார். எம் தலைநகரில் வீட்டுக்கு ஒன்றுதான். அதுவும் எமதன்று.

எமக்கெனத் தலைமைத் தச்சர் ஆண்டுதோறும் ஒரு பொற்பாவை செய்து கோட்டை வாயிலில் தொங்கவிடுகிறார். எங்கும் கோணலில்லை. பொன்னைத் தடவினால் அவள் கை வழுக்கும், வழுக்கினால் உள்ளே வருவாள் என்று ஊரார் தமக்குள் பேசுவதை அறிவோம். எம் காது கேளாது என்று எண்ணுகிறார்கள்.

இவ்வாண்டு ஆம்பல் தன் முதல் பொம்மையைச் செய்யத் தொடங்கினாள். அவள் முற்றத்தில் துணி கிழித்துக்கொண்டிருக்கையில் யாம் அவ்வழியே இருமுறை நடந்தோம். மூன்றாம் முறை நடக்கக் காரணம் கிடைக்கவில்லை. மாலையில் அவள் அதைத் தன் மாளிகை வாசலில் தொங்கவிட்டாள்.

வயிறு பெரிது. இடக்காது கிழிந்திருந்தது.

அன்றே இவ்வோலையைத் தொடங்கினோம். அப்போது எழுதுவித்த ஆணை இது: பனிவாசல் சீமையில் மருதவேள் உருவாய்த் தொங்கும் பொம்மைகள் யாவும் இறக்கி எரிக்கப்படுக.

இவ்வரியின்மேல் எழுத்தாணியால் கீறியிருப்பதைக் காண்பாய். கீறியவர் யாமே. ஓலை எழுதும் நாயகம் புதிய ஓலை எடுக்கலாமா என்று பணிந்து கேட்டார். வேண்டாம் என்றோம். யாம் எண்ணியதை நீ அறிய வேண்டும். அடித்ததன் காரணத்தையும் அறிய வேண்டும்.

ஆணையை முதலில் எம் வீட்டில் நிறைவேற்றுவது முறை என்று எண்ணி, மறுநாள் காலை ஆம்பலின் வாசலுக்குச் சென்று பொம்மையைக் கழற்றக் கை நீட்டினோம். அவள் குறுக்கே வந்து நின்றாள். அவள் சொல்லை அவைத்தமிழில் மாற்றினால் கெட்டுவிடும். அவ்வாறே எழுதச் சொன்னோம்.

"அதைக் கழட்டினா கூடைக்காரி சித்தப்பாவைத் தூக்கிட்டுப் போயிடுவாளே. போகட்டும்ங்கறீங்களா அப்பா?"

போகட்டும் என்று ஓர் இரவு முழுதும் எண்ணியிருந்தோம் என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். கையை இறக்கினோம்.

பிறகு, அவள் எமக்கு ஏன் ஒன்று செய்யவில்லை என்பது பொறுக்காமல், எம்மைத் தூக்கிச் சென்றால் என்ன செய்வாய் என்று மட்டும் வினவினோம்.

அவள் முகம் மாறிற்று. "உங்களைத்தான் முதல்ல செய்யணும்னு நினைச்சேன். உங்ககிட்ட ஒரு குறையும் இல்லைன்னு செவிலித்தாய் சொல்லிட்டாங்க. தச்சர் தாத்தாவும் அதையேதான் சொன்னாரு. எதை வச்சுச் செய்யறது?"

அருகில் நின்ற செவிலி கொற்றி, தான் சொன்னது மெய்யே என்று தலை குனிந்தாள்.

பின் ஆம்பல் எம்மைக் குனியச் சொன்னாள். குனிந்தோம். கூடைக்காரிபோல் கண்ணை மூடிக்கொண்டு எம் முகத்தைத் தடவினாள். "மூக்கு நேரா இருக்கு. புருவம் சரியா இருக்கு. தாடையும் நல்லாத்தான் இருக்கு. ஏதாவது ஒண்ணாவது கோணலா இருக்கக் கூடாதா?" அவள் விரல்கள் எம் தலைக்கவசமாகிய தலைச்சீராவின் ஓரத்தை எட்டின. அரசர் தலைச்சீராவைத் தொடுதல் தகாது என்று கொற்றி அவள் கையைப் பிடித்து விலக்கினாள்.

"தேடிப் பாத்துட்டேன் அப்பா, ஒண்ணுமே இல்லை" என்று சொல்லி அழுதாள்.

மருதவேளே, அத்தலைச்சீராவின் இருபுறமும் பொற்றகடு இறங்கியிருப்பது அழகுக்கன்று என்று நீ அறிவாய். பட்டம் கட்டிய நாள்முதல் அதன்றி எம்மைக் கண்டவர் அரசி ஒருத்தியே. அவள் சொல்லமாட்டாள். யாம் சொல்லலாகாது, சொன்னால் பொம்மை காவாது. எஞ்சியிருப்பவன் நீ. மாமரத்தின் உச்சியில் ஏறி நின்றுகொண்டு, அரண்மனை முழுதும் கேட்க, எம்மை முறக்காதா என்று கூவியவன் நீ. அதற்காக அன்று உன்மேல் மாங்காய் எறிந்தோம். இன்று அப்பெயரைச் சொல்ல இந்நாட்டில் வேறு நா இல்லை.

உன் குறையை ஒரு சீமையே கொண்டாடுகிறது. எம் குறை பொற்றகட்டின் கீழ் வேர்த்துக் கிடக்கிறது. இதில் யாம் உன்மேல் அழுக்காறு கொண்டோம். இப்போதும் கொண்டுள்ளோம். அது தீர்ந்ததென்று எண்ணிவிடாதே.

ஆகவே ஆணை. ஓலை கண்டவுடன் புறப்படுக. கூடைக்காரி நாளின் நண்பகலுக்குள் மாடவாயில் வந்து சேர்க. அவைக்கு வந்து வணங்க வேண்டாம். நேரே ஆம்பலின் முற்றத்துக்கு வந்து, அவள் கேட்க, அப்பெயரால் எம்மை ஒருமுறை உரக்க அழைக்க. யாம் சினந்தவர்போல் எழுந்து தலைச்சீராவைக் கழற்றி உன்மேல் எறிவோம். தலையை விலக்கிக்கொள்க. மற்றதை அவள் கண்ணால் காண்பாள். பொம்மை தைக்க மாலைவரை பொழுது இருக்கும்.

இது கேட்டுப் பெறுவதாகாதா என்று குருமாரை யாம் வினவவில்லை. கேட்பது வேறு, ஆணையிடுவது வேறு.

இவ்வாணை மலையும் ஆறும் சான்றாக இடப்பட்டது. அரக்கில் எம் புரவி இலச்சினை பதிந்தது. அரக்கு ஆறுமுன் குதிரை புறப்படும்.

நாயகம் எழுதியது இத்துடன் முடிந்தது. கீழ்வருவது எம் கை.

வரும்போது துணி கொண்டு வா. இங்கிருந்ததையெல்லாம் உன் வயிற்றுக்கே அடைத்துவிட்டாள். எம் காதுகளுக்கு நிறைய வேண்டும். உன் கிழிந்த காது அவற்றின் பக்கத்தில் தொங்கப்போகிறது. யாருடையது பெரிதென்று ஊர் பார்க்கட்டும்.